பொட்டுக்கு அடியில் இருந்த எண்

வாணி, சேகர், ஷெட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மற்றப் பிள்ளைகளே,

பெயிண்டில் கலக்கிற தின்னர் வாசனைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து நான் வீட்டில்தான் இருக்கிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயிண்டை எப்படிக் கலக்குவது, ஸ்ப்ரே கன்னை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது, இதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது செய்யச் செய்யக் கையில் வந்துவிடும். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று ஒரு நேரம் வரும். வண்டிக்காரர், அவர் வீட்டு ஆட்கள், ஷெட்டில் இருப்பவர்கள் எல்லாரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நேரத்தில் கை எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது? அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. அதற்குப் பெருநகர் என்கிற ஊரிலிருந்து வந்த கார் ஒன்று போதும்.

வாணிக்கு இந்தக் கதை தெரியும். அவளே இதில் இருக்கிறாள். நான் கூட்டிக் குறைத்து எழுதியிருந்தால் அவள் உங்களுக்குத் திருத்திச் சொல்லட்டும்.

வெளி உடம்புக்குப் பெயிண்ட் அடிப்பது எனக்கு எப்போதுமே சுலபமான வேலைதான். அமைதியாகச் செய்வேன். பழைய கார் ஒன்றின் பானட்டைத் திறந்து, இன்ஜினைச் செயின் பிளாக்கில் தூக்கி வெளியே வைத்துவிட்டு, அந்தக் காலி இடத்தைப் பார்த்தால்தான் எனக்கு நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கும். அந்த வண்டி எங்கே இடித்தது, யார் யார் கையில் மாட்டியது, எவன் ஒழுங்காக வேலை செய்தான், எவன் மேலே பூசி ஏமாற்றினான், எல்லாம் அங்கே இருக்கும். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் பானட்டுக்குள் கிரைண்டரைக் கொண்டுபோக விட மாட்டார். பழைய பெயிண்டை உரித்தால் பெயிண்ட் ரிமூவர், உப்புத்தாள், கை. அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் முறைப்பார். காரணம் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். நானும் காரணம் தெரியாமலே அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெருநகர் கார் வந்த பிறகுதான் எனக்குக் காரணம் தெரிந்தது.

அந்தக் கார் பெருநகர் கோவிந்தன் அண்ணனுடையது. ஆற்றோரம் நெல் பயிரிடுகிறவர். கார் குண்டு உடம்பும் வட்ட விளக்குமாக இருக்கிற பழைய கார். முன்சீட்டு இரண்டாகப் பிரியாமல் ஒரே பெஞ்சாக இருக்கும். கியர் கீழே இருக்காது, ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கும். இந்த இரண்டு விஷயத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவர் அந்தக் காரை வைத்திருந்தது அதற்காகத்தான்.

அவர் சம்சாரம் சரசக்காவுக்குக் களத்துமேட்டில் விழுந்ததிலிருந்து வலது கால் மடங்காது. ஆபரேஷன் செய்தும் கட்டை மாதிரி நீட்டியபடியே நின்றுவிட்டது. மற்றக் கார்களில் அவரால் ஏற முடியாது. ஷேர் ஆட்டோவில் ஒரு தடவை ஏற்றி, இறக்குவதற்குள் அவர் அழுதுவிட்டாராம். இந்தக் காரில் மட்டும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பெஞ்சு சீட்டிலேயே பின்பக்கமாக நகர்ந்து, கடைசியாகக் காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொள்வார். நடுவில் தடுக்க எதுவும் இல்லை. ஆஸ்பத்திரி, கோயில், பொண்ணு வீடு, எங்கே போவதானாலும் இந்தக் கார்தான். கார் நின்றால் சரசக்காவும் வீட்டோடு நின்றுவிடுவார்.

காருக்குப் பதிவு புதுப்பிக்கிற கெடு நெருங்கியிருந்தது. எஃப்.சி. காட்டணும் என்று நம் பக்கத்தில் சொல்கிறோமே, அதுதான். அண்ணன் வெளியே பெயிண்ட் நன்றாகத்தான் வைத்திருந்தார். பானட்டுக்குள்ளே பார்த்தால் கரியும் எண்ணெயும் அப்பிக் கிடந்தது. பேட்டரித் தட்டு துருவாக உதிர்ந்தது. வண்டியைச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் பானட்டைத் திறந்ததும் முகத்தைச் சுளிப்பார் என்று அண்ணனுக்குப் பயம். முழுவதும் உரித்துப் புதிதாக அடித்துவிடச் சொன்னார்.

"உள்ள பளபளன்னு இருந்துச்சின்னா எந்த இன்ஸ்பெக்டரும் கேள்வி கேக்க மாட்டான் மேஸ்திரி" என்றார்.

வேலையை வாணியிடம் கொடுத்தேன். இன்ஜின் அறை முழுவதையும் அவள் தன் பொறுப்பில் எடுத்துச் செய்தது அதுதான் முதல் தடவை. அண்ணன் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி, பொண்ணு கையிலயா குடுக்கற?"

"என் கைய விட அவ கை நிதானம்ணே" என்றேன். அவர் நம்பவில்லை, ஆனாலும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வேலை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கரியை எடுத்தோம், ரிமூவர் தடவி உரித்தோம். மேலே க்ரீம் கலர், அதற்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் கம்பெனிக் கலர். பேட்டரித் தட்டுப் பக்கம் உரிக்கும்போது வாணி கூப்பிட்டாள். அங்கே வண்டிக்குக் கம்பெனி கொடுத்த சேஸ் நம்பர் போட்ட சின்னத் தகடு ஒன்று ரிவெட் அடித்து இருந்திருக்க வேண்டும். பேட்டரி ஆசிட் வருஷக்கணக்கில் பட்டுப்பட்டு அதைத் தின்றுவிட்டிருந்தது. இரண்டு ரிவெட்டும், அதைச் சுற்றி வெள்ளையாகப் பொடியும்தான் மிச்சம். போன தடவைகளில் எல்லாம் அந்தத் தகட்டில்தான் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தப் பென்சில் பிரிண்டும் ஆர்.சி. புக்கில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போனால்தான் வண்டி பாஸ்.

நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மாதிரிக் கார்களில் தகடு போனாலும் எண்ணை உடம்பு இரும்பிலேயும் அடித்திருப்பார்கள். இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் நிற்கிறதே தகரச் சுவர், அதில் இருக்கும். தேடு என்று வாணியிடம் சொன்னேன். அவள் சுவர் முழுக்க உரித்தாள். இல்லை. வலது ஓரம் இல்லை, இடது ஓரம் இல்லை. உரிக்காமல் விட்ட இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அது சாமி பொட்டு.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சரசக்கா சந்தனம் கரைத்து, நடுவில் குங்குமம் வைத்து அந்தச் சுவரில் வைப்பார். வெளியே வைத்தால் பெயிண்ட் கறைபடுகிறது என்று அண்ணன் கல்யாணமான புதிதில் சொன்னாராம். அதிலிருந்து பானட்டுக்குள்தான் வைப்பது. பழைய பொட்டைத் துடைக்காமல் அதன் மேலேயே புதுப் பொட்டு. நடுவில் இரண்டு தடவை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் அல்லவா, அந்தப் பெயிண்டர்களும் பொட்டைச் சுரண்ட மனசு வராமல் அதன் மேலேயே அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நம் ஷெட்டிலேயும் பொட்டு வைத்த இடத்தைக் கடைசியில்தான் தொடுவோம், சூடம் ஏற்றிவிட்டுத்தான் தொடுவோம். அது அப்படியே மேடாக வளர்ந்து, அப்பளம் அகலத்துக்குச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது.

அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பின்னால் சரசக்கா குரல் கேட்டது.

"அத்த யாரும் தொட வாணாம்னு சொல்லு. வச்ச கை என்னுது. எடுக்கறதும் நான்தான் எடுப்பேன்."

எப்படி வருவார்? வருவதற்கு இருந்த ஒரே வண்டி இன்ஜினைக் கழற்றிப் போட்டபடி நம் ஷெட்டில் நிற்கிறது. மறுநாள் காலையில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று வந்து வாசலில் நின்றது. பின்பக்கம் நெல் மூட்டை ஏற்றுகிற இடத்தில் பிளாஸ்டிக் சேர் போட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலை நீட்டியபடி சரசக்கா உட்கார்ந்திருந்தார். பெருநகரிலிருந்து அப்படியே வந்திருக்கிறார். முகமெல்லாம் புழுதி. சேரோடு இரண்டு பேர் தூக்கி இறக்கினோம்.

"எலக்சன்ல நிக்கறவங்க மாதிரி ஊர் ஊரா கும்புட்டுக்கினே வந்தேன்" என்றார்.

சூடம் ஏற்றினோம். வெந்நீரில் துணியை நனைத்துக் கொடுத்தாள் வாணி. சரசக்கா பானட்டு ஓரத்தில் சாய்ந்து நின்று, பொட்டை ஊறவைத்து ஊறவைத்து, மரச் சில்லால் நெம்பி எடுத்தார். கெட்டியாகப் பெயர்ந்து வந்தது. பின்பக்கம் பார்த்தால் கருப்பும் சிவப்புமாகத் துரு ஒட்டியிருந்தது. சுவரில் அந்த இடம் புற்று மாதிரி உப்பியிருந்தது. அந்தப் புற்றுக்குள் கோடு கோடாகச் சில எண்கள். பாதி தெரிந்தன, பாதி தெரியவில்லை.

இங்கேதான் கவனமாகப் படியுங்கள். எண்ணைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஷெட்டில் இருந்த ஒருவன் டிரில்லில் வயர் பிரஷ்ஷை மாட்டிக்கொண்டு ஓடி வந்தான். ஒரு தடவை ஓட்டினால் துரு போய்விடும், பளிச்சென்று தெரியும் என்றான். துரு கண்டிப்பாகப் போகும். துருவோடு எண்ணும் போயிருக்கும். எண் இருப்பது ஒரு தாள் கனத்துப் பள்ளத்தில்தான். நான் கம்ப்ரசரை நிறுத்தச் சொன்னேன், மெயின் ஸ்விட்சையும் அணைக்கச் சொன்னேன். சத்தம் நின்றால்தான் ஆட்கள் நிற்பார்கள். இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். எல்லாரும் அவசரப்படுகிற நேரத்தில் கையைப் பிடித்து நிறுத்துவதை விட மெஷினை நிறுத்துவது சுலபம்.

சரசக்காவோடு வந்திருந்த கோவிந்தன் அண்ணன் எட்டிப் பார்த்தார். அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அப்புறம் நேராக வாணி மேல் பாய்ந்தார்.

"அப்பவே சொன்னேன். பொட்டப் புள்ள கையில குடுத்தா இப்பிடித்தான் ஆவும். ரிமூவர ஊத்தி எண்ணையே அரிச்சி வச்சிக்கீது."

வாணி என்னைப் பார்த்தாள். அவள் ரிமூவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. துரு எதனால் வந்தது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வருஷா வருஷம் ஈரச் சந்தனம். அது காய்வதற்குள் இரும்பு குடித்துவிடும். மேலே பெயிண்ட் வேறு மூடிவிட்டது, ஈரம் வெளியே போக வழியில்லை. ஆனால் பக்கத்தில் சரசக்கா நிற்கிறார். சாமிக்கு வைத்த பொட்டுதான் உங்கள் வண்டியைத் தின்றது என்று அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

"ரிமூவர் இல்லண்ணே. ஈரம்" என்றேன்.

சொன்னது உண்மை. நிறுத்தியதும் அங்கேயேதான். பொண்ணு மேல் பழி விழக் கூடாது, அக்கா மனசும் நோகக் கூடாது என்று பார்த்தேன். சரசக்கா விடவில்லை.

"ஈரம் எங்கேர்ந்து வந்துச்சி மேஸ்திரி? பானட்டு மூடித்தான கீது?"

நான் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒன்னத்தான் கேக்கறேன். மழ உள்ள பூந்துச்சா?"

"இல்லக்கா."

"அப்ப?"

"சந்தனத்தத் தண்ணியில கரைச்சித்தானக்கா வப்பீங்க" என்றேன்.

சரசக்கா கையில் இருந்த பெயர்ந்த பொட்டைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் புருஷன் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பொண்ண ஏன்யா திட்டற? வச்சது நானு. உள்ள வைய்யின்னு சொன்னது நீ. நம்ம ரெண்டு பேத்தயும் திட்டிக்கோ."

இதில் நான் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன். வாடிக்கைக்காரர் மனசு நோகும் என்று நீங்கள் மூடி மூடி வைக்கிற விஷயத்தை அவர்கள் உங்களை விட நன்றாகத் தாங்கிக்கொள்வார்கள். மரியாதையாகச் சொல்லுங்கள், சீக்கிரம் சொல்லுங்கள். நான் இரண்டு கேள்வி லேட்.

அதற்கப்புறம் சரசக்கா முன்கதவைத் திறந்து, வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்து, நகர்ந்து உள்ளே போய்விட்டார். இன்ஜின் இல்லாத காரில், கதவைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனி ஆகிறதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றார். அண்ணன் யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் பாய் போன் பண்ணினார். பஜாரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற பாய்தான், உங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"மேஸ்திரி, ஒங்க பார்ட்டி ஒருத்தரு வந்துகீறாரு. எண்ணு அடிக்கிற பஞ்ச் செட்டு கேக்கறாரு. மம்பட்டியில பேரு போடவான்னு கேட்டேன், மூஞ்சியத் திருப்பிக்கினாரு. எனக்குப் பேஜாரா பூட்ச்சி, ஸ்டாக் இல்லன்னுட்டேன். அது கண்ணாடி பீரோவுல அவரு மூஞ்சிக்கு நேரா கீது."

அண்ணன் வெறும் கையோடு திரும்பி வந்தார். வந்ததும் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"நீ வச்சிருப்பல்ல பஞ்ச்? ஆர்.சி. புக்குல கீற எண்ணுதான? நானா புதுசா ஒண்ண கண்டுபிடிச்சி அடிக்கச் சொல்றேன்? என் வண்டி, என் எண்ணு. நாலு தட்டு தட்டினா முடிஞ்சிபோச்சி."

அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். எண் உண்மையான எண்தான். வண்டியும் அவருடையதுதான். அவர் திருடரும் இல்லை. இப்படி நல்ல மனிதர்கள், நியாயமான காரணத்தோடு, தப்பான வேலையைச் செய்யச் சொல்லும்போதுதான் நமக்குச் சோதனை. கெட்டவன் வந்து கேட்டால் விரட்டிவிடலாம்.

"எண்ணு ஒங்களுதுதாண்ணே" என்றேன். "ஆனா அடி என்னுது ஆயிடும். அந்த எண்ண அடிக்கறதுக்கு கெவர்மெண்டு ஆளுக்கோ கம்பெனிக்கோதான் பாத்தியத. நாளைக்கி ஒருத்தன் கண்டுபிடிச்சான்னா, திருட்டு வண்டிக்கி எண்ணு மாத்தற ஷெட்டுன்னு எனக்குப் பேரு. அப்ப ஒங்க வண்டியும் திருட்டு வண்டின்னு நிக்கும். ஆர்.சி. புக்கக் காட்டினாலும் நம்ப மாட்டான்."

"அழிஞ்சிபோச்சின்னா இன்னா பண்றது?"

"ஆபீஸ்ல எழுதிக் குடுத்து, அவங்க அனுமதியில அவங்க எதிரதான் அடிக்கணும். வழி கீது. எவ்ளோ நாளாவும்னு எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் வண்டி ரோட்ல போவக் கூடாது."

அண்ணனுக்கு வந்த கோபத்தில், வண்டியை அப்படியே கட்டி இழுத்துக்கொண்டு காஞ்சிபுரத்தில் வேறு ஷெட்டில் விட்டுவிடுவேன், அங்கே யார் வேண்டுமானாலும் அடித்துக் கொடுப்பான் என்றார். சரி, உங்கள் இஷ்டம் என்றேன். முன்சீட்டிலிருந்து சரசக்கா பேசினார்.

"இயுத்துக்கினு போ. நான் எறங்க மாட்டேன். என்னயும் சேத்து இயு."

அண்ணன் எப்படி இழுப்பார்? ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வாணி டீ வாங்கி வந்து கொடுத்தாள். அவள் கையிலிருந்து வாங்கிக் குடித்தார். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

இனி துருவை எப்படி எடுப்பது என்ற கேள்வி. கடையில் விற்கிற துரு நீக்கி வேகமாக வேலை செய்யும், நல்ல இரும்பையும் கொஞ்சம் சேர்த்துக் கடிக்கும். ஓரம் மழுங்கிவிடும். வாணி அதைத் தண்ணீர் கலந்து பார்க்கலாமா என்று கேட்டாள். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். சரசக்கா காருக்குள்ளிருந்தே, குத்துவிளக்கு இடுக்கில் ஏறுகிற பச்சையைப் புளி வைத்துத்தானே எடுக்கிறோம், இரும்புக்குப் புளி ஆகாதா என்று கேட்டார். இரும்பு வேறு, பித்தளை வேறு என்று நான் சொல்ல வாயெடுத்தேன். வாணி அதற்குள் ஷெட்டுக்குப் பின்னால் போய், கிணற்று மோட்டாரின் பழைய இரும்புத் தகடு ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள். அதிலும் எழுத்து பஞ்ச் அடித்திருந்தது, அதுவும் துருவேறிக் கிடந்தது. முதலில் இதில் பார்ப்போம் நைனா என்றாள்; என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். இதை நான் அவளுக்குச் சொல்லித் தந்ததாக ஞாபகம் இல்லை. தெரியாத மருந்தை முதலில் குப்பையில் கிடக்கிற இரும்புக்குக் கொடுத்துப் பாருங்கள்.

புளி வேலை செய்தது. மெதுவாகத்தான், ஆனால் துருவை மட்டும் இளக்கியது. ஓரம் கெடவில்லை. பிறகு சுவரில் அந்த இடத்தில் மட்டும் புளிக் கரைசல் துணியை ஒட்டி, மேலே பிளாஸ்டிக் காகிதம் மூடி, காத்திருந்து, எடுத்து, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் லேசாகத் தட்டி, கழுவி, உடனே காற்றடித்துக் காயவைத்து, மறுபடியும். சரசக்காவைக் குட்டியானையில் ஏற்றி அனுப்பிவிட்டு, வாணி அடுத்த சில நாள் இதையே செய்துகொண்டிருந்தாள். மற்ற இடத்துக்கெல்லாம் நான் பிரைமர் அடித்தேன்.

எண்கள் ஒன்றொன்றாக வந்தன. ஒன்று மட்டும் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. ஆர்.சி. புக்கில் எட்டு. இரும்பில் இடது பக்க வளைவு துருவோடு துருவாகக் கலந்து கிடந்தது. இன்னொரு தடவை புளி வைத்தால் தெரிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. வை என்றேன். வாணி துணியைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தை விரல் நகத்தால் லேசாகத் தட்டினாள். ஓசை மாறியது. தகரம் அங்கே காகிதம் மாதிரி இருந்தது.

"போதும் நைனா" என்றாள். "இதுக்கு மேல வச்சா எட்டும் இருக்காது, மூணும் இருக்காது. ஓட்டதான் இருக்கும்."

நான் இன்னும் ஒரே தடவை என்றேன். அவள் கிரீஸைத் துளி எடுத்து அந்த எண்கள் மேல் தடவி, டேப் ஒட்டி மூடிவிட்டாள். வேலை அவள் பொறுப்பு என்று நான்தான் சொல்லியிருந்தேன். அதனால் விட்டுவிட்டேன்.

கடைசியில் இன்ஜின் அறை முழுவதும் கம்பெனிக் கலரிலேயே அடித்து முடித்தாள். நான் இத்தனை வருஷத்தில் செய்ததில் எதற்கும் குறையாத வேலை. ஆனால் நடுச்சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் இல்லாமல், வெறும் இரும்பு, கிரீஸ், ஓரத்தில் கொஞ்சம் மிஞ்சிய துரு. கோவிந்தன் அண்ணன் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். கல்யாணப் பொண்ணுக்கு ஒரு பக்கம் மொட்டை அடித்த மாதிரி இருக்கிறது என்றார். மெல்லிசாக ஒரு கோட் அடித்துவிடச் சொன்னார். பெயிண்ட் பள்ளத்தை நிரப்பிவிடும், பென்சிலில் எண் விழாது என்று வாணியே சொல்லிவிட்டாள்.

எஃப்.சி. காட்டுகிற நாள் வந்தது. நானும் வாணியும் பின்சீட்டில், அண்ணனும் சரசக்காவும் முன்சீட்டில். காஞ்சிபுரம் போகிற வழியெல்லாம் அண்ணன் பேசவே இல்லை. சரசக்காவிடம் நீங்கள் வர வேண்டாம் என்று எல்லாரும் சொன்னோம். ஆகவில்லை என்றால் இதுதான் கடைசி சவாரி, நான் வருவேன் என்றார்.

இன்ஸ்பெக்டர் இளவயசு. பானட்டைத் திறந்ததும் அவர் முகம் மாறியது. அண்ணன் நினைத்த மாதிரி சந்தோஷத்தில் மாறவில்லை. எந்தப் பழைய வண்டியில் உள்ளே புதுப் பெயிண்ட் இருக்கிறதோ, அதில்தான் எண்ணை வெட்டி ஒட்டியிருப்பார்கள் என்று அவர்களுக்குச் சந்தேகம் வரும். பளபளப்பைப் பார்த்துக் கேள்வி நிற்கவில்லை. அங்கேதான் கேள்வி ஆரம்பித்தது. தகடு எங்கே என்று கேட்டார். ஆசிட் தின்ற ரிவெட்டுகளை வாணி அப்படியே விட்டிருந்தாள், அதைக் காட்டினாள். பிறகு அந்த மொட்டை இடம். அவர் குனிந்து, ஓரம் முழுக்க நகத்தால் கீறிப் பார்த்தார். வெல்டிங் கோடு இருக்கிறதா என்று தேடினார். பெயிண்ட் அடித்திருந்தால் கோடு இல்லை என்று எப்படிக் காட்டுவது? அங்கே பழைய இரும்பும் பழைய துருவும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன.

"இவ்ளோ வேலை பண்ணியிருக்கீங்க, இதை மட்டும் ஏன் சுத்தம் பண்ணல?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வாணியைப் பார்த்தேன்.

"பண்ணேன் சார். இன்னும் சுத்தம் பண்ணா எண்ணு இருக்காது. அதான் நிறுத்திட்டேன்" என்றாள்.

"எப்படி இவ்ளோ துரு?"

வாணி வாயைத் திறப்பதற்குள் முன்சீட்டிலிருந்து சரசக்கா எட்டிப் பார்த்தார். "நான்தான் சார். வருசா வருசம் பொட்டு வச்சேன்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கிரீஸைத் துடைத்தார். காகிதத்தை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தார். ஒவ்வொரு எண்ணாக வெள்ளையாக எழுந்து வந்தது. அந்த ஒன்று மட்டும் மூன்று மாதிரி வந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் காகிதத்தைக் கொஞ்சம் நகர்த்தி, இன்னொரு தடவை, இந்தத் தடவை மிகவும் லேசாகத் தேய்த்தார். இடது பக்கம் இரண்டு வளைவும் மங்கலாக வந்தன. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஆர்.சி. புக்கைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"எட்டுதான்" என்று சொல்லிவிட்டு, பிரிண்டைப் பேப்பரில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். இன்னொரு தடவை சுரண்டியிருந்தால் இது வந்திருக்காது என்று வாணியிடம் சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த இன்னொரு தடவையைக் கேட்டவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

மற்றச் சோதனை எல்லாம் சீக்கிரம் முடிந்தது. நானும் வாணியும் டூல் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஆபீஸ் உள்ளே முத்திரை வாங்கி வந்தோம். வெளியே வந்து பார்த்தால் கார் இல்லை. மைதானம் முழுக்கத் தேடினோம். வாசலில் டீ விற்கிறவரைக் கேட்டால், அந்தக் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா கையைக் காட்டிக்கொண்டே இருந்தாங்க, அவர் ஓட்டிக்கொண்டே போயிட்டாரு என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, ஷெட்டுக்குத் திரும்ப உத்திரமேரூர் பஸ் ஏறினோம். நிற்கத்தான் இடம் கிடைத்தது. டூல் பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வாணி சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள். பாதி வழியில் அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். கோவிந்தன் அண்ணன்.

"கண்ணு, எங்கம்மா கீறீங்க? நைனாவும் நீயும் பின்னாடி இருப்பீங்கன்னு பேசிக்கினே வந்தேன். திரும்பிப் பாத்தா காணோம்."

அவர் அவளைக் கண்ணு என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நாங்க பஸ்ல வந்துக்கினு கீறோம் பெரியப்பா. நீங்க எங்க கீறீங்க?"

"தெரியலம்மா. இவ வூட்டுக்குத் திருப்ப விடாம இன்னும் போ இன்னும் போன்றா. திருப்புலிவனம் தாண்டிட்டோம். திரும்பி வந்து ஏத்திக்கினு போவட்டா?"

வாணி பதில் சொல்வதற்குள் பக்கத்திலிருந்து சரசக்கா குரல் தெளிவாகக் கேட்டது.

"திரும்பாத. நேரா ஓட்டு."